பின்சீட் இல்லாத வண்டி

எங்கள் மந்தைவெளி ஃப்ளாட்டின் கார் பார்க்கிங்கில், கீழ்வீட்டுக்காரர் ஒரு பழைய புல்லட்டைப் பிரித்துப் போட்டு, ஆறு மாதமாகத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி எப்போதும் நெற்றியில் ஏறியிருக்கும். ஒவ்வொரு பாகத்தையும் தொடும் முன் லுங்கியில் கையைத் துடைத்துக்கொள்வார். என் மகளை நான் அவ்வளவு பத்திரமாகத் தூக்கியிருக்கிறேனா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிடும்.

அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, டீசலில் முக்கிய டூத் பிரஷ்ஷால் துருவைத் தேய்ப்பார். "முடிஞ்சதும் பெசன்ட் நகர் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு" என்பார். பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் இரண்டையும் வெள்ளி மாதிரி ஆக்கிவைத்திருந்தார்.

வண்டி முடிந்த அன்று, மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கீழே போனேன். ஒரே ஒரு ஆள் உட்காரும் சின்ன சீட்தான் இருந்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா எங்க சார் உட்காருவாங்க?"

"இவளுக்குத்தான் பஸ் ஃப்ரீயாச்சே மேடம். இவ பின்னாடி உட்கார்ந்தா வண்டியோட லுக்கே போயிடும்."

அக்காதான் முதலில் சிரித்தார். நான் கேட்காமல் இருந்திருந்தால், என் எதிரிலாவது இது அக்கா காதில் விழாமல் இருந்திருக்கும்.

கீழ்வீட்டுக்காரர் லுங்கியில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டார். இனி வேண்டாத அந்த ஃபுட்ரெஸ்ட் இரண்டையும் எடுத்து என் மகளிடம் நீட்டினார்.

"வச்சு விளையாடும்மா."

வாங்குவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமாவுக்குத் தேங்க்ஸ் சொல்லு" என்றேன்.