நான் எண்ணிய ஒன்பது பிள்ளைகள்

போன செவ்வாய்க்கிழமை தபாலில் நீளமான பழுப்பு உறை ஒன்று வந்தது. மேலே அரசுப் பணி முத்திரை. பெறுநர் – தலைமையாசிரியை திருமதி தெய்வானை அவர்கள்.

தெய்வானை என் மனைவி. பணி ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கடந்த தை மாதம் காலமானாள். இவ்விரண்டு செய்திகளும் துறையின் முகவரிப் பட்டியலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

அவள் வேலை பார்த்த பள்ளிக்குத் தபால்காரர் ஏறுவதில்லை. ஆகவே பள்ளிக்கு வரும் கடிதங்கள் செண்பகனூரில் உள்ள எங்கள் வீட்டுக்கே வரும்படி முன்பு ஓர் ஏற்பாடு இருந்தது. மனிதர்களை விட ஏற்பாடுகளுக்கு ஆயுள் அதிகம் போலும்.

உள்ளே ஒரு படிவம். 'அடுத்த பத்து ஆண்டுகளில் தங்கள் பள்ளிக்குத் தேவைப்படும் வகுப்பறைகள் எத்தனை? அதற்கான ஆதாரம் என்ன?'

உறையை மாற்றி, இப்போதைய தலைமையாசிரியரின் பெயரை எழுதி, அந்தப் பக்கம் போகும் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். கடிதத்தின் வேலை அத்துடன் முடிந்தது. கேள்வியின் வேலை முடியவில்லை. ஏனென்றால், அந்தப் படிவத்தின் ஆதித் தகப்பன் நான்தான்!

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கல்வித் துறையில் கட்டடத் திட்டப் பிரிவு என்று ஒன்று இருந்தது. மலைப்பகுதிப் பள்ளிகள் என் பொறுப்பில் இருந்தன. எந்த ஊரில் எத்தனை வகுப்பறை, எந்த ஆண்டில் கட்டுவது – இதுதான் வேலை. இன்றைக்கு இருக்கும் பிள்ளைகளுக்காக அல்ல. பத்து வருடம் கழித்து வரப்போகிற பிள்ளைகளுக்காக. "பொறக்காத பிள்ளைக்கு பெஞ்சு போடுற உத்தியோகம்" என்று தெய்வானை சொல்வாள்.

புள்ளியியலில் முதுகலை, அதற்கு மேலும் ஒரு பட்டம் பெற்றவன் நான். ஆகவே ஒரு சூத்திரம் வைத்திருந்தேன். கடந்த பத்தாண்டுகளில் ஓர் ஊரில் பிள்ளைகள் எவ்வளவு கூடினார்களோ, அதே வேகத்தில் வருகிற பத்தாண்டுகளிலும் கூடுவார்கள். ரயில் தண்டவாளம் போல நேரான கணக்கு. எங்கள் மலையில் ரயில் ஓடுவதில்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

தெய்வானையின் பள்ளி இருந்த இடத்துக்கு லயம் என்று பெயர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. தைலமரம் வெட்டவும் காய்கறித் தோட்டங்களில் கூலி வேலை செய்யவும் வந்தவர்கள். தகரக் கூரை போட்ட ஒரு நீண்ட வரிசை வீடுகள். தோட்டத்துப் பழக்கத்தில் அதை லயம் என்றே அழைத்தார்கள். பள்ளிக்கூடம் என்பது ஓர் உருளைக்கிழங்குக் கிடங்கு. ஆசிரியர் ஒரே ஒருவர். அறுவடையின்போது மூட்டைகள் உள்ளே, பிள்ளைகள் வெளியே. மழைக்காலத்தில் பிள்ளைகள் மூட்டைகளின் மேலே.

அந்த வருடம் கிடங்குக்காரர், சித்திரைக்குள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் திட்டத்தில் அந்த மலைச்சரிவுக்கு நான்கு அறைகள் கொண்ட ஒரு கட்டடம் இருந்தது. ஒன்றே ஒன்று. அது லயத்துக்கு வந்தால் பள்ளி பிழைக்கும். கீழே இருந்த பெரிய கிராமத்துக்குப் போனால், அடுத்த திட்டம் வரும்வரை லயத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை.

என் சூத்திரத்தில் லயத்தைப் போட்டுப் பார்த்தேன். விடை பூஜ்யம். பத்து வருடங்களுக்கு முன் அங்கே யாருமே இல்லை. ஆகவே கூடிய வேகம் என்று ஒன்று இல்லை. ஆகவே பத்து வருடம் கழித்தும் யாரும் இருக்கப்போவதில்லை. எவ்வளவு சுத்தமான கணக்கு!

தெய்வானை தன் வருகைப் பதிவேட்டின் நகலை முறைப்படி அலுவலகத்துக்கு அனுப்பினாள். நாற்பத்தாறு பெயர்கள். நான் நம்பவில்லை. பணியிடம் பறிபோகாமல் இருக்க ஆசிரியர்கள் பதிவேட்டில் பெயர்களைக் கூட்டி எழுதுவது அக்காலத்தில் ஊரறிந்த விஷயம். அதிலும், என் மனைவியின் கணக்கை நானே கண்ணை மூடிக்கொண்டு ஏற்றால் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள்?

ஆகவே மெமோ அனுப்பினேன். 'தங்கள் புள்ளிவிவரம் நேரடிச் சரிபார்ப்புக்கு உட்பட்டது.'

அந்தத் தபாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. நான்தான் கையெழுத்திட்டு வாங்கினேன்.

மறுநாள் காலை காபி டம்ளருக்குக் கீழே பதில் இருந்தது. 'மதிப்பிற்குரிய ஐயா, சரிபார்ப்பை வரவேற்கிறேன். தாங்கள் வரும் தேதியை லயத்தாருக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

"ஏன்?" என்று கேட்டேன்.

"அதான் எழுத்துல கொடுத்துட்டேனேங்க. ஆபீஸ் விஷயத்தை எதுக்கு வீட்ல பேசிக்கிட்டு?" என்று சொல்லிவிட்டுத் தோசை வார்க்கப் போய்விட்டாள்.

ஆனால் விதி என்று ஒன்று உண்டல்லவா? கணக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். நான் விதிகளை மீறுபவன் அல்லன். தோட்டத்து மேஸ்திரி மூலம் அறிவிப்பை அனுப்பிவைத்தேன்.

குறித்த நாளில் பஸ்ஸிலிருந்து இறங்கி, இரண்டு மைல் ஏறி, ஒரு குமாஸ்தாவுடன் லயத்தை அடைந்தேன். வீடு வீடாகப் பார்த்தோம். கிடங்கில் பார்த்தோம். எண்ணினோம்.

ஒன்பது பிள்ளைகள்.

தெய்வானை கிடங்கு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அலுவலக நேரம் அல்லவா? நான் 'ஒன்பது' என்று எழுதினேன். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் எழுதினேன் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

அப்போதுதான் பின்னாலிருந்த சோலைக் காட்டுக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

ஓரமாக விறகு பிளந்துகொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் கேட்டேன். பெயர் ராமாயி. லயத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"யார் அது?"

"கொரங்கு தொரை."

"குரங்கு தும்முமா?"

"இந்த மலைக் குளுருக்கு எல்லாந்தான் தும்மும். ஒங்களுக்கே மூக்கு ஒழுகுதே!"

சோலைக்குள் யாரோ சிரித்துவிட்டார்கள். ஒருவர் சிரிக்கிற சிரிப்பு அல்ல அது... ஒரு வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

"ராமாயி, போதும். பிள்ளைகளைக் கூப்பிடு" என்றாள் தெய்வானை.

"டீச்சரு, நீங்க சும்மா இருங்க. ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எண்ணுனா அனுப்பிருவாங்க."

"எங்கே அனுப்புவார்கள்?" என்று கேட்டேன்.

ராமாயி கோடரியைக் கீழே வைத்தார்.

"தோட்டத்துல வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுக் களத்துல நிக்கவச்சு எண்ணுனாங்க. எண்ணி, கப்பலுக்குப் பேரு குடுத்தாங்க. தலைமன்னாருல எண்ணுனாங்க. எண்ணி, ஏத்திவிட்டாங்க. இக்கரைக்கு வந்து மண்டபம் கேம்ப்புல எண்ணுனாங்க. எண்ணி, எங்க அண்ணன் குடும்பத்த அங்கிட்டும் எங்கள இங்கிட்டும் பிரிச்சுட்டாங்க. அண்ணன் எங்க கெடக்குறாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. எண்ணிட்டு சும்மா போன ஆளு யாராச்சும் ஒருத்தரு இருந்தா சொல்லுங்க தொரை, கேப்போம்."

மக்கள்தொகைக் கணிப்பைப் பற்றி நான் படித்த புத்தகங்களில் மாதிரி எடுப்பதில் வரும் பிழை உண்டு. கூட்டுவதில் வரும் பிழை உண்டு. எண்ணப்பட்டவர்களுக்கு நேர்ந்ததைப் பற்றி ஓர் அத்தியாயமும் இல்லை.

"அதான் சொல்லாம வாங்கன்னு எழுதுனேன்" என்றாள் தெய்வானை தணிந்த குரலில். பிறகு, "வந்த சோலியைச் சொல்லுங்க அவங்ககிட்ட. உங்க தமிழ்ல வேண்டாம்" என்றாள்.

"இக்குடியிருப்பின் எதிர்காலத் தேவைகளை முன்னிட்டு..." என்று தொடங்கினேன்.

"தமிழ்லங்க!"

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "பள்ளிக்கூடம் கட்டணும். எவ்வளவு பெரிசாக் கட்டுறதுன்னு தெரியணும். அதுக்குத்தாம்மா எண்ணுறேன்."

"என்னா கட்டடம்? தகரமா?"

"கருங்கல் சுவர். ஓட்டுக் கூரை."

"எத்தன வருசம் நிக்கும்?"

"ஐம்பது வருடம்."

ராமாயி ஓரடி முன்னால் வந்தார். வேறு சில பெண்களும் அருகில் வந்து நின்றுகொண்டார்கள்.

"அப்ப அம்பது வருசத்துக்கு நாங்க இங்கனதான் இருப்போமா?"

அதற்கு உறுதி கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. பொய் சொல்லவும் வரவில்லை. தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"நீங்க இருக்க மாட்டீங்கன்னு நான் எழுதினா, கட்டடம் கீழூருக்குப் போயிரும். இருப்பீங்கன்னு எழுதினா, இங்கே வரும். எதை எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க."

அத்தனை வருடங்களில் அந்தக் கேள்வியை யாரும் அவர்களிடம் கேட்டிருக்கவில்லை என்று நினைக்கிறேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராமாயி சோலையின் பக்கம் திரும்பினார்.

"ஏலே! எல்லாரும் வெளிய வாங்க! வெரசா வாங்க, தொரைக்கு பஸ்ஸு போயிரும்!"

புதர் விலகியது. ஒவ்வொருவராக வந்தார்கள்; பிறகு கும்பலாக வந்தார்கள். இடுப்பில் தம்பியைச் சுமந்தவர்கள், தலையில் சருகோடு வந்தவர்கள், இன்னும் தும்மிக்கொண்டிருந்தவர்கள். முன்பு எண்ணிய ஒன்பதையும் சேர்த்து, பள்ளி வயதில் ஐம்பத்து மூன்று பேர்.

பதிவேட்டில் இருந்தது நாற்பத்தாறு. தெய்வானை வரிசையை வெறித்துப் பார்த்தாள்.

"இது யாரு பிள்ளை? நான் இதைப் பார்த்ததே இல்லையே!"

"எங்க கடக்குட்டி டீச்சரு. நீங்க நோட்டுல பேரு எழுதுறீங்களா... அதான் ஒங்களுக்கும் காட்டல. கோவிச்சுக்காதீங்க."

ஊரெல்லாம் கூட்டி எழுதிக்கொண்டிருந்த காலத்தில், என் மனைவி தெரியாமலே ஏழு பேரைக் குறைத்து எழுதியிருக்கிறாள்! அவளுக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நான் பேனாவை மூடும்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "வவுத்துல இருக்குறது கணக்குல வருமா சார்?"

வருமா? என் உத்தியோகமே அதுதானே! "வரும்" என்றேன். ஐந்து பெண்கள் முன்னால் வந்தார்கள். ஆறாவதாக ஒருத்தியைத் தோழிகள் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

"இவளையும் எழுதிக்கங்க தொரை. போன வாரந்தான் கல்யாணம் ஆச்சு!"

"உறுதியான தகவலா?" என்று கேட்டேன், வழக்கமான அலுவலகக் குரலில்.

லயமே அதிரும்படி சிரித்தார்கள். "என்னங்க... அதெல்லாம் கேக்கக் கூடாது" என்றாள் தெய்வானை. திருமணமான இத்தனை ஆண்டுகளில் நான் வெட்கப்பட்டு அவள் பார்த்தது அந்த ஒரு முறைதான் என்று பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அறிக்கையில் 'எதிர்பார்க்கப்படுவோர்: ஐந்து' என்று எழுதினேன். மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. இந்த ஐவருக்கு ஆதாரம் என்ன? என் சூத்திரம் எதையும் நான் மேற்கோள் காட்டவில்லை. 'நேரில் கண்டேன்' என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். எப்படியோ, கட்டடம் லயத்துக்கே அனுமதியாயிற்று.

அஸ்திவாரம் தோண்டிய நாளில் போயிருந்தேன். ராமாயியை அங்கே காணவில்லை. தன் வீட்டு வாசலில் தனியாக ஒரு குழி தோண்டிக்கொண்டிருந்தார். அதுவரை லயத்து வாசல்களில் முள்ளங்கி, பீன்ஸ், கொத்தமல்லி தவிர நான் எதையும் பார்த்ததில்லை. எல்லாம் மூன்று மாதத்துக்குள் கைக்கு வருபவை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. அன்று அவர் நட்டது பேரி. ஒரு முழ உயரக் கன்று.

"இது காய்க்க எத்தனை வருடம் ஆகும்?"

"ஆறோ ஏழோ ஆகுமாம் தொரை." மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினார். "ஆகட்டுமே. என்னா அவசரம்?"

பத்தாண்டுத் திட்டங்கள் பலவற்றில் கையெழுத்திட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றிலும் இவ்வளவு தெளிவான வாக்கியம் கிடையாது.

ராமாயியின் மரம் காய்க்கத் தொடங்கியதிலிருந்து ஒவ்வோர் ஆடியிலும் தெய்வானையின் கையில் ஒரு பை நிறையப் பேரிக்காய் வரும். ஓய்வு பெற்ற பிறகும் ஆடியில் ஒரு நாள் ஏறிப் போய் வாங்கி வந்துவிடுவாள். கல் மாதிரி நாட்டுப் பேரி. சன்னமாக நறுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி, என் பற்களைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டே தட்டை என் முன்னால் வைப்பாள்.

இது ஆடி மாதம். பை வரவில்லை.

வருகிற திங்கட்கிழமை நானே போய்வரலாம் என்று இருக்கிறேன். ராமாயி எத்தனை காய் கொடுத்தாலும் சரி – எண்ணாமல் வாங்கிக்கொள்வேன்.