ஹோன் சத்தமும் சுடுவடையும்

வடை சுடுவது சுலபம். அது ஆறுவதற்குள் விற்பதுதான் பெரும்பாடு. முதல் வருஷம் பொருளியல் படித்து முழி பிதுங்கும் பிள்ளைகளே, வாங்குகிறவனின் கேள்வி, விற்கிறவனின் நிரம்பல் என்று நீங்கள் படும் அவதியை நானும் பட்டவன்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில் பஸ் நிற்கும் இடத்தில், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பட்டேன். தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டுப் போட்ட கடை. அது படுத்துவிட்டால் திரும்பவும் விடியற்காலையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில், கங்காணி பேர் கூப்பிடும் வரை நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

எதிர்க்கடை

ரோட்டுக்கு அந்தப் பக்கம் சின்னையாவும் வடைக்கடை போட்டார். என் வடை ஐந்து சதம். அவர் நாலு என்றார். நான் மூன்று என்றேன். அவரும் இறங்கினார். வடையும் எங்கள் முகமும் சேர்ந்தே சிறுத்துக்கொண்டு போயின. கொழுந்தெடுக்கும் மாரியாயி இரண்டு கடையையும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னும் எறங்குங்கண்ணே. காசும் குடுத்துத் திங்கச் சொல்றப்ப நான் வாறேன்."

வளைவில் ஹோன்

சின்னையா விடியும்போதே எல்லாவற்றையும் சுட்டுக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிவிடுவார். ஹட்டன் பஸ் வருவதற்குள் ஆறிப்போகும். குளிரில் விறைத்து இறங்குகிறவனுக்கு ஆறின வடை எதற்கு? கீழ் வளைவில் பஸ்ஸின் ஹோன் கேட்டதும் நான் மாவைத் தட்டி எண்ணெயில் போட ஆரம்பித்தேன். ஆட்கள் இறங்கும்போது வடை சிவந்து மிதக்கும். பழையபடி ஐந்து சதம் என்றேன், ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. சிங்கள டிரைவர்தான், அண்ணன் என்பதைச் சிங்களத்திலும் மீதியைத் தனக்குத் தெரிந்த தமிழிலும் கேட்டார்: "அய்யே, நான் ஹோன் அடிக்கிறது மாடு வெலகத்தானே? நீங்க ஏன் சட்டியில வடை போடுறது?"

நாலாவது வடை

எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. மூன்று வடை தின்ற மாரியாயியிடம் நாலாவதையும் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "மொத வடை பசிக்கு, அடுத்தது ருசிக்கு, மூணாவது ஒங்க மொகத்துக்கு. இனிமே தேத்தண்ணி குடுத்தா குடிப்பேன், வடை வேணாம்."

ரோட்டைத் தாண்டினேன்

என்னிடம் தேத்தண்ணி இல்லை. எதிரில் சின்னையா யாவாரமில்லாமல் கடையை ஒரேயடியாக மூடுவதற்குப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன்: "வடையை எங்கிட்ட விடுங்க. நீங்க தேத்தண்ணி ஊத்துங்க." மறுநாளே பஸ்ஸில் வந்த கூட்டம் என்னிடம் வடையும் உறைப்புச் சம்பலும் தின்று, வாயை ஊதிக்கொண்டு அவரிடம் ஓடியது. ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து சின்னையா கத்தினார்: "அண்ணே, சம்பலுக்கு இன்னும் ரெண்டு மொளகா போடுங்க, இங்க யாவாரம் நடக்கணும்ல!"

என்னைப் பெரட்டில் நிற்க வைத்த அதே கங்காணி, ஹட்டன் பஸ் எப்போது ஹோன் அடிக்கும் என்று என் அடுப்பு முன்னால் காத்து நின்ற காலையில், இந்தப் பாடத்தில் நான் பாஸ் என்று தெரிந்துகொண்டேன்.