பனிச்சரிவில் தள்ளி நடந்தோம்

இங்கே சுவிட்சர்லாந்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூட ஆளுக்கு இரண்டு முழம் தள்ளித்தான் நிற்கிறார்கள். வந்த புதிதில், வரிசையே இல்லையென்று நினைத்து நான் நடுவில் போய் நின்றிருக்கிறேன். யாரும் வாய்திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள். பார்வை மட்டும் சுடும்.

எண்பதுகளின் நடுவில், என்னோடு வேலைபார்த்த நர்ஸ் மார்த்தா குளிர்காலத் தொடக்கத்தில் மலையேறக் கூப்பிட்டாள். மேலே இழுத்துப்போகும் லிஃப்ட் கிடையாது. ஸ்கீ பலகையின் அடியில் ரோமத் துணிப் பட்டையை ஒட்டிக்கொண்டால் முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. அப்படியே நடந்து ஏறவேண்டும். இரண்டு குளிர்காலமாக அடிவாரத்தில் விழுந்து விழுந்து பழகியிருந்தேன். மார்த்தாவுக்கும் கூட வந்த மற்ற மூவருக்கும் நான் பாதியில் திரும்பிவிடுவேன் என்றுதான் நினைப்பு. ஏற்காட்டுக்காரியிடமா? காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மகள் நான். கரடியூர்ச் சரிவுகளில் வளைந்து வளைந்து ஏறிய கால் இது. இரண்டு மணி நேரத்தில் மூச்சு வாங்கியது அவர்களுக்கு, எனக்கல்ல. பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்கவேண்டும்?

மரங்கள் முடிந்து வெறும் பனிச்சரிவு வந்தது. அங்கேதான் வினை. எங்கள் எஸ்டேட்டில் மூடுபனி நாளில் காபிப் பழம் பறிக்கப் போனால், முன்னால் போகிறவளின் முந்தானை கைக்கெட்டும் தூரத்தில்தான் நடப்போம். காட்டெருமை நிற்கும்; பின்தங்கியவளை விட்டுவிட்டுப் போவது மனுஷத்தனமே இல்லை. அந்தப் பழக்கத்தில் மார்த்தாவின் முதுகையொட்டியே கால்வைத்தேன். அவள் திரும்பி, தள்ளி நில், நான் மறுபக்கம் சேரும்வரை வராதே என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் நிறம் ஒட்டிக்கொள்ளுமா என்ன? வீம்புக்கு இன்னும் நெருங்கினேன்.

காலடியில் 'வும்' என்ற சத்தத்தோடு பனி உள்ளிறங்கியது. சரிவு மொத்தமும் பெயர்ந்து வரலாம் என்பதற்கு அது எச்சரிக்கை. மார்த்தா அசையாமல் நின்று மெல்லச் சொன்னாள்.

"உன்னைத் தோண்டி எடுக்க நான் மிஞ்ச வேண்டாமா?"

பின்வாங்கி, சாய்வு குறைந்த வேறு சரிவுக்குப் போனோம். ஒவ்வொருவராகக் கடந்தார்கள். கடைசியில் நான், தன்னந்தனியாக. மறுபக்கத்தில் நால்வரும் கண்ணிமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கல்யாணத்தில்கூட யாரும் என்னை அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். இறங்கும்போது பாதி வழி முதுகில் சறுக்கித்தான் வந்தேன், அதை விட்டுவிடுவோம்.

மறுவருஷம் லீவில் ஊருக்குப் போனேன். என் மகள் ஐஸ் மலை ஏறியவளாக்கும் என்று அப்பா ஒண்டிக்கடை முக்கில் கண்டவரிடமெல்லாம் சொல்லிப் பூரித்தார். வீட்டுக்கு நடக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அத்தாம் பெரிய மலையில உன்னையத் தனியா உட்டுப்போட்டா போனாங்க, கண்ணு?"

"இல்லீங்கப்பா. நான் வர்ற வரைக்கும் பாத்துட்டே நின்னாங்க."

அது அவருக்குப் பிடிபடவில்லை. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. மழையில் பாதை சரிந்திருந்த ஓரிடத்தில் அப்பா முன்னால் போனார். அவர் கடந்து முடிக்கட்டும் என்று நான் என்னையறியாமல் நின்றுவிட்டேன். என் காலடிச் சத்தம் கேட்காமல் அவரும் பாதியில் நின்று, கையைப் பின்னால் நீட்டினார். அவர் நகர்ந்தால்தான் நான் வருவேன். நான் வந்தால்தான் அவர் நகர்வார்.