மாப்பிள்ளைக்கு முன்னால் வந்த பெட்டி

விமான டிக்கெட் விற்கிறவனுக்கு ஊரில் தனி மரியாதை உண்டு, விமானம் தாமதமாகிற வரைக்கும். தொண்ணூறுகளில் தி.நகரில் டிராவல் ஏஜென்சி நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் போலத் திட்டு வாங்கிய சக பாவிகளே, உங்களுக்குத்தான் என் தங்கை வசந்தியின் கல்யாணக் கதை புரியும். மாப்பிள்ளை ரவிக்கு அமெரிக்காவில் வேலை, கொஞ்ச நாள் லீவு. முகூர்த்தத்துக்குள் அவரை மயிலாப்பூர் மண்டபத்தில் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சுற்றிப் போகிற விமானம்

வெளிநாட்டு விமானங்களில் இரண்டு ரகம். ஒன்று விலை அதிகம், லண்டனில் ஒரு தடவை மாறினால் போதும். இன்னொன்று விலை கம்மி, ஊர் ஊராக இறக்கி ஏற்றும். இருக்கிற சீட்டைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டு, எல்லாரும் வந்து நின்றால் யாரையாவது கழற்றிவிடும். இதையெல்லாம் ரவியின் அப்பாவுக்கு விளக்கினேன். ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார். காபியை ஆற்றியபடி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரெண்டும் ஆகாசத்துலதானே பறக்கறது? சல்லிசா இருக்கறதையே போடுங்கோ."

பெட்டி வந்தது

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை மீனம்பாக்கத்தில் மாலையோடு நின்றோம். அன்று சாயங்காலம் மாப்பிள்ளையைக் காரில் வைத்து அழைத்து வரும் ஜானவாச ஊர்வலம், காருக்குப் பூ அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. பயணிகள் எல்லாரும் வெளியே வந்தார்கள், ரவி வரவில்லை. விசாரித்தால், வளைகுடாவில் விமானம் மாறும்போது சீட் இல்லை என்று அவரை நிறுத்திவிட்டார்களாம். பெட்டி மட்டும் சமர்த்தாக வந்து சேர்ந்திருந்தது. ஊரில் எல்லாருக்கும் ஆள் வந்து பெட்டி தொலையும், எங்களுக்கு இப்படி. ரவியின் அப்பா கையிலிருந்த மாலையைப் பார்த்தபடி கேட்டார்: "அப்போ ஜானவாசக் கார்ல பெட்டியை உக்கார வெச்சுடலாமா?"

தனியார் விமானம்

மத்தியானம் பம்பாயிலிருந்து ரவி போன் செய்தார். வேறு விமானத்தில் ஏற்றி அந்த ஊர் வரை கொண்டுவந்து தள்ளிவிட்டார்களாம். எனக்கு உயிர் வந்தது. அப்போது புதிதாக முளைத்த தனியார் விமானங்கள்மேல் எனக்குத் தனிப் பாசமே உண்டு. ஏறினதும் வாசனைத் துண்டு, மிட்டாய், சிரிப்பு. ஒரே குறை, இன்றைக்கு இருக்கிற கம்பெனி நாளைக்கு இருக்குமா என்று சொல்ல முடியாது. "சாயங்கால ஃப்ளைட் இருக்கு, கவலைப்படாதீங்கோ" என்று சொல்லிவிட்டு, பாண்டி பஜார் பக்கம் இருந்த அப்படி ஒரு கம்பெனியின் ஆபீசுக்கு ஓடினேன். ஷட்டர் இறங்கியிருந்தது. வாசலில் வாட்ச்மேன் மட்டும் உட்கார்ந்திருந்தார். "காலைலயே போர்டைக் கழட்டிக்கினு போயிட்டாங்க நைனா. இந்த நாற்காலி யாருதுன்னு தெரியாமத்தான் நானும் குந்திக்கினு கீறேன்."

சர்க்கார் விமானம்

அரசாங்க விமானம் காணாமல் போகாது, அது ஒன்றுதான் ஆறுதல். மறுநாள் விடியற்காலை விமானத்தில் ரவிக்கு இடம் கிடைத்தது. ஒன்பது மணி முகூர்த்தத்துக்குத் தாராளமாக வந்துவிடலாம் என்று நம்பினேன். மண்டபத்து போனை ஒரு காதிலும் நாதஸ்வரத்தை ஒரு காதிலும் வாங்கிக்கொண்டு நின்றேன். இன்னும் கிளம்பவில்லை, பைலட் வரவில்லை, இன்னும் கிளம்பவில்லை. முகூர்த்தம் தாண்டியது. சமைத்ததை என்ன செய்வது? இலை போட்டார்கள். விருந்தாளிகள் கல்யாணமே நடக்காமல் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, மேடையில் தனியாக உட்கார்ந்திருந்த வசந்தியைப் பார்க்காத மாதிரி நழுவினார்கள். அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது. மீனம்பாக்கத்தில் வேலை பார்த்த நண்பன் போனில் சொன்னான்: "வரும்டா. எப்போன்னு மட்டும் கேக்காதே, அது வந்தப்புறம்தான் எங்களுக்கே தெரியும்."

ஒரு வாடிக்கையாளர் போனது

ரவி சாயங்காலம் வந்தார். அதற்குள் மண்டபம் அடுத்த கல்யாணக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. சாஸ்திரிகள் பார்த்துச் சொன்ன நேரத்தில், மறுநாள் காலை, கோயில் சன்னதியில் பத்துப் பேர் முன்னால் தாலி ஏறியது. மேளம் கிடையாது, மேளக்காரர்கள் வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். நமஸ்காரம் பண்ண வந்த வசந்தியிடம், "நீ அமெரிக்கா போற டிக்கெட்டை நானே நல்ல விமானமாப் பார்த்துப் போடறேன்" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "வேண்டாம் அண்ணா. அடையார்ல வேற ஒரு ஏஜென்சி இருக்காம். நான் அங்கேயே வாங்கிக்கறேன்."

அங்கேயேதான் வாங்கினாள், நேரத்துக்குப் போயும் சேர்ந்துவிட்டாள்.