மாமா சீராகக் கொடுத்த ஹீட்டர்

அன்று காலை அப்பா குளியலறையிலிருந்து போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆன்டி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்துவிட்டார். பயப்படும்படி ஒன்றுமில்லை. தலை நிறைய ஷாம்பு நுரையோடு நின்றவர்மீது சுடுதண்ணீருக்குப் பதிலாகப் பச்சைத் தண்ணீர் கொட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணைந்து கிடந்தது. வீடே பதறிய அந்த நேரத்தில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான்.

காரணம் இருந்தது. எங்கள் பிளாட்டின் மேல்மாடியில் இருந்த என் வகுப்புத் தோழி வீட்டில் புது ஹீட்டர் மாட்டியிருந்தார்கள். அதில் தட்டு மாதிரி அகலமாக ஒரு ஷவர். திறந்துவிட்டால் மழை பெய்கிற மாதிரியே விழும் என்று அவள் தினமும் பள்ளி வேனில் சொல்லி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வாள். தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. தபால் பெட்டியில் கிடந்த தள்ளுபடி விளம்பரத் தாளில் அதே ஹீட்டரைக் கண்டுபிடித்து, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, அப்பா சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். எண்ணெய் தேய்த்து மழையில் குளிக்கப் போகிறேன் என்ற நினைப்பிலேயே எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பாவும் என் கட்சிதான். "பழசாப் போச்சு லா. கழட்டிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம்" என்றார்.

அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "வாங்குங்க. வேணாம்னு சொல்லல. ஆனா அது எங்கண்ணன் வெச்ச சீரு. கழட்டுறதா இருந்தாலும் ரிப்பேர் பண்றதா இருந்தாலும் அவர் வந்துதான் கை வைக்கணும்."

அப்பா முகம் சுருங்கிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, தாய்வீட்டுச் சீராக மாமா கொண்டுவந்தது அந்த ஹீட்டர். மற்ற வீடுகளில் குத்துவிளக்கும் பித்தளைக் குடமும் வரும். மாமா வயர்மேன் என்பதால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு ஹீட்டரையும் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, குடிபுகுந்த அன்றே தன் கையால் மாட்டியும் கொடுத்துவிட்டார். ஆனால் கதை நடந்த சமயத்தில் அந்த மாமா எங்கள் வீட்டு வாசல்படி ஏறி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

எல்லாம் தம்பியின் காதுகுத்தில் வந்த வினை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமாவோ பண்டமாரானில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வரும் வழியில் ஹைவே நெரிசலில் மாட்டிக்கொண்டார். கோவிலில் நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஐயர் அவசரப்படுத்த, அப்பா தன் சொந்தத் தம்பியை உட்காரச் சொல்லி, சித்தப்பா மடியில் வைத்துக் காதைக் குத்திவிட்டார். தம்பி அழுது ஓய்வதற்குள் மாமா சீர்த்தட்டோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ஒரு பார்வை பார்த்தார். தட்டை அம்மா கையில் கொடுத்தார். கை நனைக்காமலே போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா மட்டும் போனில் பேசுவார். அப்பாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வதுகூட இல்லை.

ஹீட்டருக்காக அம்மாவே மாமாவைப் போனில் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாமா மோட்டார் சைக்கிளில் வந்தார். அப்பா "வாங்க" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார். மாமா நேராகக் குளியலறைக்குப் போனார். நான் பின்னாலேயே போய் நின்று, "மாமா, இது ரொம்பப் பழசு. இனிமே சரியாவே வராது" என்று எனக்குத் தெரிந்த தொழில்நுட்பத்தை எடுத்துச் சொன்னேன்.

மாமா மூடியைக் கழற்றினார். உள்ளே எறும்புப் புற்று. ஒரு வயர் கருகியிருந்தது. எறும்பைத் தட்டிவிட்டு வயரை மாற்றினார். சிவப்பு விளக்கு எரிந்தது. என் மழை நின்றது.

"இன்னும் பல வருஷம் ஓடும், பாப்பா" என்று சொல்லி, என் மூஞ்சி போன போக்கைப் பார்த்தோ என்னவோ, ஹீட்டரின் கீழே இருந்த இரண்டு பட்டன்களைக் காட்டினார். "இதை அமுக்கினா கரண்ட் கட்டாகிடும். அதை அமுக்கினா திரும்ப வந்துடும். மாசத்துக்கு ஒருவாட்டி அமுக்கிப் பார்க்கணும். அப்பாகிட்ட சொல்லு."

அப்பா ஹாலில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார். சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

அம்மா காலையிலிருந்தே சமைத்திருந்தார். நண்டுப் பிரட்டல், அவர் அண்ணனுக்குப் பிடித்த மாதிரி மிளகு தூக்கலாக. "சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்றார் மாமா. அம்மா தேத்தண்ணி கலக்கி வைத்தார். அதையும் மாமா தொடவில்லை. கிளம்பிவிட்டார். அம்மா அந்தக் கிளாஸை எடுத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டு, அன்று மத்தியானம் தானும் சாப்பிடவில்லை. அப்பா நண்டுச் சட்டியைத் திறந்து பார்த்து, மூடி வைத்தார். அவர்கள் துக்கம் என் மண்டையில் ஏறவே இல்லை. ஹீட்டர் சரியாகிவிட்டதே என்ற துக்கம் எனக்கு.

தீபாவளிக்கு முதல் நாள் காலையில்தான் அந்த அதிசயம் நடந்தது. பல் துலக்கப் போனவள், குளியலறைக் கதவு இடுக்கில் பார்த்தேன். அப்பா ஹீட்டர் முன்னால் நின்று, மாமா காட்டிய முதல் பட்டனை அமுக்கினார். விளக்கு அணைந்தது. திரும்பியவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். பிறகு உதட்டில் விரலை வைத்தார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அப்பாவுக்கு என்மேல்தான் எவ்வளவு பாசம்! எனக்கு மழை ஷவர் வாங்கித் தருவதற்காக அம்மாவையே ஏமாற்றத் துணிந்துவிட்டாரே! கண்ணைச் சிமிட்டிவிட்டு ஓடிப்போய், ஒளித்து வைத்திருந்த விளம்பரத் தாளை எடுத்து வந்து, கடையின் நம்பர் மேலே தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா போனை எடுத்தார். தாளைப் பார்க்கவே இல்லை. ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"மச்சான்... நான்தான். உங்க ஹீட்டர் மறுபடியும் நின்னு போச்சு. விடிஞ்சா தீபாவளி. பிள்ளைங்க எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கணும். வேற ஆளக் கூப்பிட எனக்கு இஷ்டமில்ல. நீங்கதான் வரணும்."

நான் இடிந்துபோனேன். இப்படியும் ஒரு மனுஷர் சொதப்புவாரா? வேறு யாரைக் கூப்பிட்டிருந்தாலும் ஒப்பேற்றியிருக்கலாம். மாமா வந்தால் இரண்டாவது பட்டனை ஒரே அமுக்கு அமுக்குவார். நம் குட்டு உடைந்துவிடும்!

சாயந்திரம் மாமா வந்தார். இந்தமுறை அத்தையும் ஒரு டின் முறுக்கும் கூடவே வந்தார்கள். அப்பா டார்ச்சோடு மாமாவுக்குப் பின்னாலேயே குளியலறைக்குள் நுழைந்தார். ஒருவர் குளிக்கவே இடம் போதாத அறை அது. நான் கதவில் தொங்கிக்கொண்டு பார்த்தேன்.

மாமா ஹீட்டரைப் பார்த்தார். இரண்டாவது பட்டனை அமுக்கினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. போச்சு, எல்லாம் போச்சு. மாமா திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா டார்ச்சைப் பார்த்தார்.

அப்புறம் மாமா முதல் பட்டனைத் தானே அமுக்கி, விளக்கை அணைத்தார்.

"இது பெரிய வேலை, மாப்ளே" என்றார். "டைம் எடுக்கும் லா."

"எடுக்கட்டும் மச்சான்" என்றார் அப்பா. "அன்னிக்கு நான் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கணும்."

"நானும் வீட்டுலேருந்து சீக்கிரம் கிளம்பியிருக்கணும்."

இவர்கள் எந்தக் கதையைப் பேசுகிறார்கள்? ஹீட்டரைக் கவனிக்க வேண்டாமா? பொறுக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, ஹீட்டர் கெடவே இல்ல. அப்பாதான் காலையில பட்டனை அமுக்கினாரு. இப்ப மாமாவும் அமுக்குறாரு!"

மறுபடியும் நண்டுப் பிரட்டல் செய்து முடித்து அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த அம்மா அடுப்பை அணைத்தார். சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "வாயை மூடிக்கிட்டு மாமாவுக்கு இலையைப் போடு" என்றார்.

மாமா சாப்பிட்டார். தம்பியை மடியில் உட்காரவைத்து, அவன் காதைத் தடவிக்கொண்டே சாப்பிட்டார். அப்பா எழுந்து, தன் கையாலேயே மாமாவுக்கு இன்னொரு கரண்டி நண்டு வைத்தார். பிளாட்டின் கீழே பிள்ளைகள் பட்டாசு கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். அம்மா எங்கள் எல்லோரையும் சுற்றிச் சுற்றி வந்தார். அத்தனை அழகாக அம்மா சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கை கழுவிவிட்டு வந்த மாமா, போகிற போக்கில் ஹீட்டரைச் சரிசெய்தார். ஒரு நொடிகூட ஆகவில்லை.

மறுநாள் நல்ல சுடுதண்ணீரில், பழைய ஷவரில், எண்ணெய் போக முணுமுணுத்துக்கொண்டே குளித்தேன்.

அதற்குப் பிறகு அந்த ஹீட்டர் அடிக்கடி கெட்டது. பெரும்பாலும் சனிக்கிழமைகளில்தான் கெடும். ஒருமுறை அம்மாவே கெடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து, நாள் முழுக்க இருந்து, சாப்பிட்டு, படுத்து எழுந்து, தேத்தண்ணி குடித்து, கிளம்பும்போது சரிசெய்துவிட்டுப் போவார். இத்தனை தடவை கெட்டுப்போகிற ஒரு சாமானை, கையில் விளம்பரத் தாளோடு ஒரு பிள்ளை கெஞ்சிக்கொண்டு நிற்கும்போது, ஏன் இந்த வீட்டில் ஒருத்தருக்கும் மாற்றத் தோன்றவில்லை என்று நினைத்து நினைத்து அந்த வருடம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன்.