சாமி மாலையும் பத்து நாள் ஊசியும்

சாயம் ஏற்றி எடுத்த எக்ஸ்றேயில் என் கருப்பை வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் அந்த வெள்ளை சிறிது தூரம் போய் நின்றுவிட்டது. பதினாலு வயதில், இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில், எனக்குக் குடல்வால் வெடித்துச் சீழ் பிடித்தது. உயிர் தப்பினேன். கருக்குழாய்கள் (சூலகத்திலிருந்து முட்டை கருப்பைக்கு வரும் வழி) ஒட்டிப்போனது கல்யாணமாகி ஆறு வருடத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

"குழாய் ரெண்டும் அடைப்பு. முட்டையை வெளியில எடுத்துத்தான் கருக்கட்ட வேணும்," என்றார் கொழும்பு டொக்டர். "முட்டையும் குறைஞ்சுகொண்டு போகுது. தள்ளிப்போடாதேங்கோ."

மாதவிலக்கின் இரண்டாம் நாளிலிருந்து ஏறக்குறையப் பத்து நாள் வயிற்றில் ஊசி. முட்டைகள் முதிர்ந்ததும் மயக்க மருந்து கொடுத்து எடுப்பார்கள். அன்றே கணவர் விந்து கொடுக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் இரண்டையும் சேர்த்து, உண்டான கருவைக் கருப்பையில் வைப்பார்கள். எங்களுக்குத் தையில்தான் இடம் கிடைத்தது.

முரசுமோட்டைக்குத் திரும்பி வந்து மாமியிடம் பாதியைத்தான் சொன்னேன். "குழாய் அடைப்பாம் மாமி. தையில ஊசி போடுவினமாம்." இவருடைய பங்கைச் சொல்ல எனக்கு வாய் கூசியது. இவரும் வாய் திறக்கவில்லை.

மாமி சும்மா இருக்கவில்லை. பிள்ளைக்காக ஐயப்பனுக்கு நேர்த்தி வைத்து, கார்த்திகை முதல் நாள் மகனுக்கு மாலை போடுவித்தார். நாற்பத்தொரு நாள் விரதம், பிரமச்சரியம். நான் இவரைச் "சாமி" என்று கூப்பிட வேண்டும். தைக்கு முன் முடிந்துவிடும்தானே என்று நானும் பேசாமல் இருந்தேன்.

நாலாம் நாள் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. ஓர் இடம் காலியாம், இந்த மாதமே தொடங்கலாமாம். அடுத்த கிழமை மாதவிலக்கு வந்தது. மாலை போட்டவர் இருக்கும் வீட்டில் அந்த நாட்களில் நான் இருக்கக் கூடாது. நெளுக்குளத்தில் அக்கா வீட்டுக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குப் பஸ் ஏறினேன். ஊசி போடக் கற்றுக்கொண்டு வந்து நானே போட்டேன்.

என்னைப் பார்க்க வந்த இவர் அக்கா வீட்டு வாசலிலேயே நின்றார். "தைக்குத் தள்ளுவமே? விரதத்தில நான் எப்பிடி..."

"முட்டை தை வரும் மட்டும் பாத்துக்கொண்டு இருக்காது, சாமி," என்றேன். அவ்வளவு கோபத்திலும் அந்தச் "சாமி" வாயில் வந்துவிட்டது.

தாயிடம் சொல்ல இவருக்குத் துணிவில்லை. ஆறாம் ஊசியன்று நானே வீட்டுக்குப் போய், குசினியில் மாமியை இருத்தி முழுவதையும் சொன்னேன். விந்து என்ற சொல் வந்தபோது அடுப்பைப் பார்த்துக்கொண்டேன்.

"இதை முன்னமே சொல்லியிருக்கலாமே பிள்ளை," என்றார் மாமி. "நேர்த்தி நான் வைச்சது. ஐயப்பனிட்ட நான் கதைக்கிறன்."

அன்று பின்னேரமே மகனைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். குருசாமி (விரதக்காரரை வழிநடத்துபவர்) பூசை செய்து மாலையைக் கழற்றினார். பிள்ளை பிறந்த பிறகு விரதத்தை முடிக்கலாம் என்றாராம்.

எட்டு முட்டைகள் எடுத்தார்கள். மூன்று கருக்கள் தேறின. ஒன்றை வைத்து, மற்ற இரண்டையும் உறையவைத்தார்கள். இரண்டு கிழமை கழித்து வந்த இரத்தப் பரிசோதனை முடிவை மூன்று தரம் வாசித்தேன். அதன் பிறகுதான் அழுதேன்.

இதே வழியில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஊசி நோகாது என்று பொய் சொல்ல மாட்டேன். நொந்தாலும் தாங்கலாம். வீட்டில் சொல்ல வேண்டியதை முதலே சொல்லிவிடுங்கள்.

மகளுக்கு மூன்று மாதம் ஆகப்போகிறது. அவளோடு ஒரே நாளில் உண்டான இரண்டு கருக்கள் கொழும்பில் குளிரில் இருக்கின்றன. இவள் தலை நிமிர்த்துகிறாள். அவற்றுக்கு இன்னும் போன கார்த்திகைதான். பால் கொடுக்கும்போது சிலவேளை வயிற்றைத் தடவிப் பார்க்கிறேன். என் உடம்பு முழுவதும் இங்கே இல்லை என்று தோன்றுகிறது.

போன கிழமை கார்த்திகை பிறந்தது. விட்ட விரதத்தை முடிக்க, இவர் புது மாலையோடு கோயிலுக்கு வெளிக்கிட்டார். மாமி பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலை மறித்தார்.

"நில்லடா. மற்ற ரெண்டையும் எப்ப வைப்பினம் எண்டு டொக்டரிட்டக் கேட்டிட்டு மாலையைப் போடு."