ஓசூருக்குப் போன குரல்

நான் ஓசூரைப் பார்ப்பதற்கு முன்பே என் குரல் ஓசூரைத் தெருத்தெருவாகச் சுற்றிப் பார்த்துவிட்டது. அதில் எனக்குப் பெருமை பாதி, வயிற்றெரிச்சல் பாதி.

எங்கள் வீடு நாகரசம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி, தக்காளித் தோட்டத்தின் நடுவே தனியாக நின்ற கொட்டாய். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. காய் பழுத்துவிட்டால் அப்பா விடியும் முன்பே குட்டியானை வண்டியில் தக்காளி கிரேட்டுகளை அடுக்கிக்கொண்டு ஓசூருக்குக் கிளம்பிவிடுவார். மண்டியில் போட்டால் கட்டுபடியாகவில்லை என்று அவரே தெருவில் விற்பார். அம்மாவுக்கு இரண்டாம் ஷிப்ட். மத்தியானம் கம்பெனி பஸ் ஏறினால் நான் தூங்கிய பிறகுதான் வருவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டைத் திறப்பதும் நான்தான், பூனையோடு பேசுவதும் நான்தான்.

அம்மா கம்பெனிக்குப் போகாத காலத்தில் அப்படி இல்லை. பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டில் பாட்டுதான். அப்பா பஜனைக் கோயிலில் டோலக் வாசிப்பவர். அம்மாவுக்குக் களை எடுக்கும்போதே பாட்டு வரும். இந்த இரண்டு பேருக்கும் பிறந்த எனக்கு வாய் எப்படி மூடும்? பிறகு அம்மா வரும்போது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், அப்பா கிளம்பும்போது அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். டோலக்கு பரணுக்குப் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா புதிதாக ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்தார். ஒரு தடவை பேசிப் பதிந்துவிட்டால் அதையே நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும். அவர் குரல் தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருந்ததால் என்னைப் பாடச் சொன்னார். காலி கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு அவர் தாளம் தட்ட, தோட்டத்துத் தக்காளி வந்திருக்கிறது என்று தமிழில் ஒரு வரி, கன்னடத்தில் ஒரு வரி, தெலுங்கில் ஒரு வரி பாடினேன். ஓசூரில் எந்தக் கதவைத் திறந்துகொண்டு எந்த பாஷை வரும் என்று சொல்ல முடியாதாம். நான் முடிக்கிற நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து அம்மாவின் குரலும் அதில் ஏறிவிட்டது. "சோறு போட்டாச்சி, ரெண்டு பேரும் வாங்க. ஆறிப்போவுது."

அம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஊரான் ஊர்ல என்னையப் போயி எல்லாரையும் சோத்துக்குக் கூப்புட வெச்சிட்டீங்களே. அழிச்சிட்டு மறுபடி புடிங்க" என்றாள். அழிக்கிற பட்டன் எது என்று தெரியவில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். கத்தரிக்காய் ஏற்றிய நாட்களிலும் என் குரல் தக்காளி தக்காளி என்றே பாடியது. மோட்டாரைப் பிரித்துப் பூட்டுகிற மனுஷனுக்கு ஒரு பட்டன் தெரியவில்லையே என்று நான் அவரை மட்டமாக நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலங்களில் தனியாக உட்கார்ந்து அந்தப் பாட்டையே பாடுவேன். ஓசூரில் ஜன்னலைத் திறந்து, யார் இந்தப் பிள்ளை என்று எல்லோரும் கேட்பார்கள் என்று முழுசாக நம்பினேன். எங்காவது யாராவது என்னைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

காலாண்டு லீவில் அழுது அடம்பிடித்து வண்டியில் ஏறிவிட்டேன். திருவிழாவுக்கு எடுத்த பாவாடை, தலையில் வழிய வழிய எண்ணெய். குடியிருப்புத் தெருவுக்குள் போனதும் ஸ்பீக்கர் பாடியது. பெண்கள் வந்தார்கள், தக்காளியை அழுத்திப் பார்த்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அம்மா சோற்றுக்குக் கூப்பிட்ட இடத்தில் மட்டும் ஒருவர், "போண்ணா, சோறு ஆறிடப்போவுது" என்று அப்பாவைக் கிண்டல் செய்தார். பொறுக்க முடியாமல் நைட்டி போட்ட ஓர் அக்காவிடம், "அது நான்தான்" என்றேன்.

"எது?" என்றார்.

ஸ்பீக்கரைக் காட்டினேன். "அப்டியா" என்று சொல்லிவிட்டு இன்னொரு தக்காளியைத் திருப்பிப் பார்த்தார். மாடியிலிருந்து ஒருவர், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறேன், அதை நிறுத்தித் தொலையுங்கள் என்று கன்னடத்தில் கத்தினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை தூரம் வந்தும் என் குரல் தனியாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

மத்தியானம் ஒரு கம்பெனியின் நீண்ட மதில் ஓரமாக அப்பா வண்டியை நிறுத்தினார். அங்கே வீடு இல்லை, ஆள் இல்லை, லாரிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. சோற்றுப் போசியைத் திறந்து மூடியில் எனக்குப் பாதிச் சோறு வைத்தார். பிறகு ஸ்பீக்கரை மடிப்பக்கம் இழுத்து, சத்தத்தைக் குறைத்து ஓடவிட்டார். கிரேட்டுத் தாளம் வந்தது, நான் பாடினேன், அம்மா சோற்றுக்குக் கூப்பிட்டாள். அதன் பிறகுதான் அப்பா சோற்றில் கை வைத்தார்.

"இங்க யாருப்பா வாங்கப் போறாங்க? பேட்டரி தீந்துடும்."

"ஓடட்டும் பாப்பா. பழகிப்போச்சி."

யாரும் சட்டை செய்யாத அந்தக் குரல் காலையிலிருந்தே எனக்குக் கசந்துபோயிருந்தது. அதை அணைக்கக் கை நீட்டினேன். அப்பா சோற்றுக் கையோடு என் மணிக்கட்டைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"அது இல்ல, அது அழிக்கிற பட்டன். பக்கத்துல இருக்கறத அமுக்கு."

பக்கத்தில் இருந்ததை அமுக்கினேன். பாட்டு நின்றது. அப்பா மீதிச் சோற்றைச் சாப்பிட்டார். நான் கையில் ஒட்டிய பருக்கையைத் தட்டிவிட்டு லாரிகளை வேடிக்கை பார்த்தேன். அவர் சொன்னதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் மடியில் விழுந்து, ஓசூரில் என் பாட்டை ஒருத்தர்கூடக் கேட்பதில்லை என்று சொல்லித் தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்து கிரேட்டைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா, இல்லை என்று சொல்லவில்லை.